அந்தப் பெண்குதிரை எங்கே?

போன் அலறியது!

தலைநகர் உலான்பாத்தர் ஆய்வகத்தில், கல்லறையிலிருந்து தோண்டி எடுத்த குதிரைப் பல் ஒன்றைப் பொடித்துக்கொண்டிருந்த குலான், கையுறையோடு போனை எடுத்தாள்.

"குலான்தானே? ஆர்கான்காய் மாகாண போலீஸ். கேப்டன் சம்பூ பேசறேன். உங்க அண்ணன் சுலூன்..."

"அண்ணனுக்கு என்ன?"

"செத்துட்டார்மா."

பல் கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது.

"குதிரை உதைச்சிருக்கு. மண்டையில பலமான அடி. மேல சாராய நெடி வேற. விபத்துன்னு எழுதிட்டேன். நீங்க வந்து கையெழுத்து போட்டா கேஸ் முடிஞ்சுது."

"எந்தக் குதிரை உதைச்சுது?"

"அவர் ஏறிப் போன சாம்பல் நிறப் பெண்குதிரை. எங்கியோ ஓடிப்போச்சு."

குலானுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

"யோவ்! அந்தக் கிழவி மேல எங்கண்ணன் தூங்கிட்டே வீடு வந்து சேருவான். அவன் முழிச்சுக்கப் போறானேன்னு மெதுவா நடக்கிற குதிரை அது. அதுவா உதைச்சுது?"

"மிருகம்தானேம்மா..."

"மிருகம் யாருன்னு நான் வந்து சொல்றேன். அதுக்குள்ள கேஸை மூடினீங்க... நடக்கறதே வேற!"

போனை வைத்த பிறகுதான் அழுகை வந்தது. அழுகையை விடக் கோபம் பெரிதாக வந்தது.

குலானின் தொழில் எலும்புகளோடு. எந்தப் பெண்குதிரையின் பரம்பரை எந்தத் திசையில் நடந்தது என்று கண்டுபிடித்தால், அதைப் பழக்கிய மனிதர்கள் எங்கிருந்து எங்கே போனார்கள் என்பதும் தெரிந்துவிடும். அதற்கு உதவுவது மைட்டோகாண்ட்ரியா... தாய் தன் பிள்ளைக்குக் கொடுக்கும் மரபணுக் குறி.

மூவாயிரம் வருடத்துக் கல்லறைக் குதிரை ஒன்றின் குறியை அவள் நாடெங்கும் உயிரோடிருக்கும் குதிரைகளில் தேடினாள். கிடைத்தது ஒரே இடத்தில். சொந்த அண்ணனின் பட்டியில்! போன பனிக்காலம் மற்றவற்றைக் கொன்றுவிட, மிஞ்சியவை இரண்டு. சாம்பல் கிழவி. அவள் ஈன்ற மகன், செவலைப் பொலிகுதிரை.

டி.வி.க்காரர்கள் ஓடி வந்தார்கள். எலும்பும் தோலுமான கிழவியை யார் படம் பிடிப்பார்கள்? பிடரி பறக்க ஓடும் செவலையைத்தான் காட்டினார்கள். 'சரித்திரக் குதிரை' என்று பெயர் வேறு.

மறுவாரமே பந்தயக் குதிரைக்காரன் புரேவ், சுலூனிடம் விலை பேச வந்தான்.

'போடா வெளியேன்னுட்டேன்' என்று சுலூன் போனில் சிரித்தான். அதுதான் அவள் கேட்ட அண்ணனின் கடைசிச் சிரிப்பு.

* * *

போலீஸ் ஜீப் புல்வெளிப் பனியில் குலுங்கிப் போனது.

"செவலை இப்ப புரேவ் வீட்டு வாசல்ல நிக்குது கேப்டன். அது உங்களுக்கு உறுத்தலியா?"

"வாங்கினேங்கறாரு. ரெண்டு பேர் சாட்சி சொல்றாங்க. மாகாணத்துலயே பெரிய மனுஷன்மா..."

"பெரிய மனுஷன்னா? உங்க வீட்டுக்கு ஆட்டுத்தொடை அனுப்புவானா?"

சம்பூ இருமினார்.

புரேவின் வெள்ளைக் கூடாரம் வந்தது. செவலை வாசலில் கட்டுண்டு நின்றது. குலானைப் பார்த்ததும் கனைத்தது.

"நாயைப் புடிங்க!" என்று வழக்கப்படி குரல் கொடுத்துவிட்டு இருவரும் உள்ளே நுழைந்தார்கள்.

"வா தங்கச்சி, வா! சுலூன் விஷயம் கேட்டு நெஞ்சே வெடிச்சுப் போச்சு!" புரேவ் மூக்குப்பொடிக் குப்பியை நீட்டினான். "வாங்க கேப்டன், உக்காருங்க."

அண்ணனைக் கொன்றவன் என்று அவள் சந்தேகிக்கும் ஆள். ஆனாலும் வலது கையால் குப்பியை வாங்கினாள். வீட்டுக்கு வந்தவர், வரவேற்பவர் இருவரையுமே கட்டிப்போடும் வழக்கம் அது.

"செவலையை எப்ப வாங்கினீங்கண்ணே?"

"அவன் சாகறதுக்கு முந்தின வாரம். குடிக்கக் காசு வேணும்னான்."

பளாரென்று ஒன்று விடத் துடித்த கையை மடியில் அழுத்திக்கொண்டாள்.

"அவனோட சாம்பல் குதிரை?"

"அதோட வாலைக்கூட நான் பார்த்ததில்லை. கிழட்டுச் சனியன். இந்நேரம் ஓநாய்க்கு இரையாகியிருக்கும்."

புரேவின் மனைவி ஆவி பறக்கும் தாம்பாளத்தை நடுவில் வைத்தாள். பனிக்காலத்துக்கென்று வெட்டிய குதிரை இறைச்சி. விருந்தாளி யாராக இருந்தாலும் வைத்தே ஆக வேண்டும். வந்தவரும் வாயில் போட்டே ஆக வேண்டும்.

சம்பூ கத்தியை எடுத்து வேலையை ஆரம்பித்துவிட்டார்.

குலான் ஒரு துண்டு அறுத்துத் தின்றாள். மெல்ல முடியாத நார். மஞ்சளான கொழுப்பு. குதிரைக்காரன் மகளுக்குச் சொல்லித் தர வேண்டுமா? ரொம்ப வயதான குதிரை!

"எந்தக் குதிரைண்ணே இது?"

"நம்ம பட்டியில ஒண்ணு. பல்லு போயிடுச்சு, வெட்டிட்டோம்."

"தோலு?"

"வியாபாரி எடுத்துட்டுப் போனான்."

"எந்த வியாபாரி?" மனைவி நிமிர்ந்தாள். "இந்த வருஷம் ஒருத்தனும் நம்ம பக்கம் எட்டியே பாக்கலியே!"

"வாயை மூடிட்டு அடுப்பைப் பாருடி!"

மனைவி அடுப்புப் பக்கம் திரும்பினாள்.

குலான் புன்னகைத்தாள். அந்தப் புன்னகைக்கு அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

"அண்ணே, பனிக்காலக் குதிரையை வெட்டினா பக்கத்துல உள்ளவங்களுக்குப் பங்கு கொடுக்கணும். துக்க வீட்டுல எங்கம்மா பட்டினியா கிடக்கா. அவ பங்கைக் கொடுங்க."

மறுத்தால் ஊர் காறித் துப்பும். தோலில் சொந்தக்காரனின் சூட்டு முத்திரை இருக்கும்... இறைச்சியில் ஏது முத்திரை? புரேவ் பெரிய மனதோடு எழுந்து, தொங்கிக்கொண்டிருந்த தொடையிலிருந்து தானே ஒரு துண்டை வெட்டிப் பையில் போட்டுக் கொடுத்தான்.

"கேப்டன், இவர் தன் கையாலயே கொடுத்தாரு... பார்த்துக்கிட்டீங்கல்ல?"

சம்பூ வாய் நிறைய இறைச்சியோடு தலையாட்டினார்.

* * *

ஆய்வகத்தில், அந்தத் தொடைத் துண்டின் முடிவு கணினித் திரையில் வந்தது.

கல்லறைக் குதிரையின் குறி. அதே குறி!

குலான் ஓடிப்போய்க் குழாயடியில் வாந்தி எடுத்தாள். அண்ணனைச் சுமந்த கிழவியை அவளும் ஒரு வாய் தின்றிருந்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு சம்பூவுக்குப் போன் போட்டாள்.

"இந்தக் குறியுள்ள குதிரை நாட்டுலயே ரெண்டுதான் கேப்டன். செவலை வாசல்ல உயிரோட நிக்குது. அப்போ நீங்க தின்னது யாரை?"

மறுமுனையில் நாற்காலி கிரீச்சிட்டது.

"அய்யய்யோ... அப்ப நான் சாட்சியையா தின்னேன்?"

"மூணு துண்டு! வாலைக்கூடப் பார்க்காதவன் வீட்டுல தொடை எப்படி வந்துச்சுன்னு போய்க் கேளுங்க. அண்ணன் செத்த அன்னைக்கு அவன் ஏறிப் போன குதிரை அது!"

இந்த முறை சம்பூ ஓடினார். தின்ற அவமானம் அவரை விரட்டியது!

புரேவின் சாணக் குவியலுக்கு அடியில் சுருட்டி வைத்த சாம்பல் தோல் கிடைத்தது. அதில் சுலூனின் முத்திரை. தோலுக்குள் குதிரை கட்டும் இரும்பு முளை. அதன் நுனியில் உலர்ந்த ரத்தம். பொய்ச் சாட்சிகள் இருவரும் போட்டி போட்டுக்கொண்டு உண்மையைக் கக்கினார்கள்.

குலான் வந்து சேர்ந்தபோது புரேவின் கையில் விலங்கு. முகத்தில் மட்டும் திமிர் குறையவில்லை.

"கேட்டேன், தரலை. அடிச்சேன். வாயில சாராயத்தை ஊத்தினேன். அந்தக் கிழட்டுச் சனியன் நகராம அவன் பக்கத்துலயே நின்னுச்சு... இழுத்துட்டு வந்து வெட்டினேன். அதுக்கென்ன இப்ப?"

குலான் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். சம்பூ தடுக்கவில்லை. வேண்டுமென்றே வானத்தைப் பார்த்தார்.

"உலுக்கு, நல்லா உலுக்கு!" புரேவ் சிரித்தான். "ஜெயிலுக்குப் போறேன். ஆனா ஜெயிச்சது நான்தான். செவலையை என் பெண்குதிரைங்களோட சேர்த்து விட்டாச்சு. அடுத்த வருஷம் பட்டி பூரா சரித்திரக் குட்டிங்க! உலகமே வந்து என் மகன்கிட்ட வாங்கும்!"

குலான் சட்டையை விட்டாள்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள்.

"பொலிகுதிரை, பொலிகுதிரைன்னு அலைஞ்ச மடையா! அந்தக் குறி தாய் வழியா மட்டும்தான்டா போகும். செவலைக்கு ஆயிரம் குட்டி பிறந்தாலும் ஒண்ணுக்கும் வராது. அதோட முடிஞ்சுது. அந்தப் பரம்பரை இருந்தது கிழவிகிட்ட. அவ தங்கச்சிங்க, மகள்ங்க எல்லாம் பனியில போயாச்சு. அவ ஒருத்திதான் மிச்சம்!"

புரேவின் முகம் வெளிறியது.

"இல்ல... டி.வி.யில செவலையைத்தானே..."

"செவலை அழகா இருந்துச்சு, காட்டினான். எதுக்காக எங்கண்ணனைக் கொன்னியோ, அதை நீயே வெட்டி, நீயே வேக வெச்சு, ஊருக்கும் பங்கு போட்டுட்ட!"

அவன் பனியிலேயே உட்கார்ந்தான். ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டான்.

குலான் குனிந்து அவன் காதருகே கேட்டாள்.

"மூவாயிரம் வருஷ சரித்திரத்தைத் தின்னியே... உப்பு சரியா இருந்துச்சா அண்ணே?"