ஃபாரிஸ் போன்: அப்படி ஒரு சாதனம் இல்லை

ஃபாரிஸ் வீட்டுக்குள் வந்து, செருப்பைக் கழற்றிப்போட்டு, ஹால் நாற்காலியில் உட்கார்ந்தும் ஆகிவிட்டது. கம்ப்யூட்டர் மட்டும் அவன் இன்னும் வரவில்லை என்று சாதித்தது.

ரஃபியா திரையை முறைத்தாள். எந்தெந்த டிஸ்க் சேர்ந்திருக்கிறது, எதில் எவ்வளவு இடம் மிச்சம் என்று கேட்டால் வரிசையாகச் சொல்லும் லிஸ்ட் அது. கம்ப்யூட்டரின் சொந்த டிஸ்க், சரி. குடும்பப் படங்களைச் சேர்த்துவைக்கும் வெளி டிஸ்க், சரி. கடைசியில் சிவப்பாக ஒரு வரி: "ஃபாரிஸ் போன்: அப்படி ஒரு சாதனம் இல்லை."

வேறு யாராவது என்றால் போகுது கழுதை என்று விட்டிருப்பார்கள். இவளுக்கு அந்தக் குணம் கிடையாது. பெங்களூர் கம்பெனி ஒன்றின் சர்வர்களை பேகம்பூர் வீட்டு உள்ளறையிலிருந்தே கட்டிமேய்க்கிறவள். லிஸ்ட்டில் ஒரு பொய் எரர் நின்றால் அவளுக்குச் சோறு இறங்காது. அதுவும் இது அவளே தன் கையால் செய்துவைத்த ஏற்பாடு. புருஷன் போன் வீட்டு வைஃபைக்குள் வந்ததும் தானாகக் கம்ப்யூட்டரோடு சேர்ந்துகொள்ளும், அன்றைக்கு எடுத்த படங்கள் எல்லாம் தானாக இறங்கும். போன் வெளியே போய்விட்டால் இந்தச் சிவப்பு வரி. வைஃபை தெருமுனை டீக்கடை வரைக்கும் எட்டும் என்பதால், அவன் டீக்கடையைத் தாண்டும்போதே இவளுக்குத் தெரிந்துவிடும். எந்திரித்துப் போய் வெஞ்சனத்தைச் சூடு பண்ணுவாள். "நான் வீட்டுக்கு வாரேனா, போலீஸ் ஸ்டேஷனுக்கு வாரேனா?" என்று அவன் கேலி பண்ணுவான். மூணு வருஷமாக அந்த வரி ஒருநாளும் தப்பாகச் சொன்னதில்லை.

வெளியே மேற்கில் மேகம் இறங்கி மலைக்கோட்டையின் பாதியை விழுங்கியிருந்தது. ஒரு சொட்டு விழவில்லை. காற்று நின்றுபோய், ஃபாரிஸ் வேலை பார்க்கும் தோல் பதனிடும் ஷாப்பின் வாடை தெருவுக்குள்ளேயே தேங்கிக்கிடக்க, எதிர்வீட்டு மாடியில் யாரோ துணி எடுக்கிற சத்தமும், தலைக்குமேலே ஃபேன் இறக்கை ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை முனகுகிற சத்தமும் தவிர வேறு எதுவும் அவள் காதில் விழவில்லை. ஹாலில் டிவி ஓடவில்லை. ஃபாரிஸ் வந்தால் முதல் வேலையாக டிவியைப் போடுவான்.

களைப்பாக இருக்கும், பாவம். காலையில் அவனும் நாலு வயசு மகள் சுமையாவும் பைக்கில் சித்தையன்கோட்டைக்கு, அவன் அக்கா ஷாஹினா வீட்டுக்குப் போயிருந்தார்கள். "மஹ்ரிப் பாங்குக்கு முன்னாடி புள்ள வீட்டுக்குள்ள இருக்கணும், சொல்லிட்டேன்" என்று வாசல்வரைக்கும் வந்து சொல்லி அனுப்பியிருந்தாள். பொழுது சாய்கிற வேளையில் குழந்தை வெளியே நிற்கக் கூடாது என்பது அவள் பிறந்த வீட்டுச் சட்டம். எத்தனை கம்ப்யூட்டர் படித்தும் அது இவளை விட்டுப் போகவில்லை. சொன்ன நேரத்துக்கு ஒருநாளும் வராத மனுஷன் இன்றைக்கு சாயங்கால அசர் தொழுகை முடிந்த கையோடு வந்து கதவைத் தட்டினான். தோளில் சுமையா, மஞ்சள் கவுனில் தூங்கி வழிந்துகொண்டு.

"வண்டிச் சத்தம் கேக்கலையேங்க?"

"பஞ்சரு. அக்கா வீட்லயே விட்டுட்டு பஸ்ல வந்தோம்."

சந்தோஷத்தில் அவள் மேலே எதுவும் கேட்கவில்லை. அவன் அருகில் வரும்போது வழக்கமாக வரும் தோல் வாடைக்குப் பதிலாக, ரொம்ப நாள் பூட்டிக்கிடந்த வீட்டைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்த வாடை லேசாக வந்தது. பஸ் கூட்டத்தில் யார் மேல் உரசினானோ என்று நினைத்துக்கொண்டாள்.

லிஸ்ட்டை மறுபடி கேட்டாள். அதே சிவப்பு வரி. அறுந்துபோன பழைய இணைப்பு எதுவும் தொங்கிக்கொண்டிருந்தால் இப்படிப் பொய் எரர் வரும். அதை வலுக்கட்டாயமாக விடுவித்து, புதிதாகச் சேரச் சொன்னாள். சேரவில்லை. ரவுட்டரை அணைத்துப் போட்டாள், நாலு பச்சை விளக்கும் ஒவ்வொன்றாக எரியும்வரை பொறுமையாக நின்றாள். அதே வரி. வைஃபையில் யார் யார் இருக்கிறார்கள் என்று ரவுட்டரிடமே கேட்டாள். இவள் போன் இருந்தது. கம்ப்யூட்டர் இருந்தது. டிவி இருந்தது. அவ்வளவுதான்.

"என்னங்க, உங்க போன்ல வைஃபை ஆஃப்ல இருக்கா?" என்று உள்ளறையிலிருந்தே குரல் கொடுத்தாள்.

ஹாலிலிருந்து பதில் வந்தது. "சார்ஜ் இல்ல."

அட, இதுக்கா இம்புட்டு மல்லுக்கட்டினோம்! அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. செத்துப்போன போனைத் தேடிக்கொண்டு ரவுட்டரைப் போட்டு உலுக்கியிருக்கிறாள். "குடுங்க, சார்ஜ் போடுறேன்" என்று ஹாலுக்குப் போனாள்.

லைட் போடாமலே உட்கார்ந்திருந்தான். முதுகு நாற்காலியில் படாமல், இரண்டு கையும் முட்டியில் வைத்து, அணைந்து கிடந்த டிவியைப் பார்த்தபடி. சுமையா அவன் காலடியில் தரையில் உட்கார்ந்திருந்தாள். வாய் ஓயாத பிள்ளை. அத்தை வீட்டில் என்ன தின்றாள், யார் அடித்தார்கள் என்று இந்நேரம் காதைக் கிழித்திருக்க வேண்டும். ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பனைப் பார்க்காமல், அம்மாவையும் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னாச்சு இவளுக்கு? வைஞ்சீங்களா?"

"போனு" என்று நீட்டினான் ஃபாரிஸ்.

வாங்கிக்கொண்டு உள்ளே வந்தாள். ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்த மாதிரி சில்லென்று இருந்தது. சார்ஜர் முனையை எடுத்துச் சொருகப் போனாள். நுழையவில்லை. திருப்பிச் சொருகினாள். மேசை விளக்கைப் போட்டுப் பார்த்தாள்.

சொருகுவதற்கு ஓட்டையே இல்லை.

கீழ் ஓரம் முழுக்க வழவழவென்று இருந்தது. பக்கவாட்டில் விரலை ஓட்டினாள். பட்டன் இருக்கும் இடத்தில் பட்டன் மாதிரி ஒரு மேடு, அழுத்தினால் அமுங்கவில்லை. பின்பக்கம் கேமரா இருக்கும் இடத்தில் கறுப்பாக மூணு வட்டம், கண்ணாடி கிடையாது. போனைத் தூரத்திலிருந்து மட்டுமே பார்த்த எவனோ செய்துவைத்த போன் அது.

ரஃபியா அதை மேசையில் போட்டாள். யாரோ பஸ்ஸில் அசலை அடித்துவிட்டு பொம்மையைச் சொருகிவிட்டார்கள். அப்படித்தான் இருக்கும். வேறென்ன இருக்க முடியும்? திருடன் கையில் இருந்தால் மணி அடிக்கட்டும் என்று தன் போனை எடுத்து ஃபாரிஸ் நம்பரைப் போட்டாள்.

மணி போனது. எடுக்கவில்லை. அடித்து அடித்து ஓய்ந்தது. அவள் போனைக் கீழே வைப்பதற்குள் ஒரு மெசேஜ் வந்து விழுந்தது.

"வண்டி ஓட்டிட்டு இருக்கேன் ரஃபி. வாரேன்."

ரஃபி. அவளை அப்படிக் கூப்பிடுகிறவன் உலகத்திலேயே ஒருத்தன்தான். எந்தத் திருடனுக்கும் அது தெரியாது.

அவள் மெசேஜைப் பார்த்தாள். சிவப்பு வரியைப் பார்த்தாள். அப்படி ஒரு சாதனம் இல்லை. பொய் எரர் என்று அவள் சண்டை போட்ட அந்த வரி, சாயங்காலத்திலிருந்து திருப்பித் திருப்பி ஒன்றைத்தான் சொல்லியிருக்கிறது. அவன் வீட்டில் இல்லை. அவன் இன்னும் வரவே இல்லை.

அப்படியானால் ஹாலில்.

சுமையா ஹாலில் இருந்தாள். அதன் காலடியில்.

யா அல்லாஹ். புள்ளை.

ஓடக்கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சாதாரணமாக நட. சாதாரணமாகப் பேசு. ஹால் இன்னும் இருட்டியிருந்தது. நாற்காலியில் அந்த உருவம் உட்கார்ந்த வாக்கிலேயே இருந்தது, டிவியின் கறுப்புக் கண்ணாடியில் அதன் நிழல் தெரிந்தது, நிழலில் முகம் இருக்க வேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. ரஃபியா அந்தப் பக்கம் பார்க்காமல் குனிந்து பிள்ளையை வாரி எடுத்தாள்.

"பாப்பாவ ஏன் தூக்குற?"

"கைகால் கழுவி விடணும்ங்க. தூங்கிருவா."

குரல் நடுங்காமல் வந்தது எப்படி என்று அவளுக்கே தெரியாது. உருவம் மெதுவாகத் தலையைத் திருப்பியது. சிரித்தது. ஃபாரிஸின் சிரிப்புத்தான், ஆனால் தேவைக்குமேல் கொஞ்சம் நேரம் நின்றது.

"கூட்டிட்டுப் போ" என்றது. "நீயே வச்சுக்க."

உள்ளறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். மேல் தாழ்ப்பாள். கீழ் தாழ்ப்பாள். மர ஸ்டூலை இழுத்து முட்டுக்கொடுத்தாள். பிள்ளை அவள் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு தோளில் முகத்தைப் புதைத்திருந்தது. உடம்பு சில்லிட்டுக் கிடந்தது. பயந்திருக்கிறாள், என் தங்கம், எவ்வளவு பயந்திருந்தால் வாயே திறக்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள்! "ஒண்ணுமில்லடா, அம்மா இருக்கேன்ல, அத்தா வந்துக்கிட்டே இருக்காக" என்று காதோரம் சொல்லிச்சொல்லி முதுகைத் தடவினாள். கண்ணீர் தானாக ஓடியது. பிள்ளை கைக்கு வந்துவிட்டது. அது போதும். இனி அவன் வந்து சேரும்வரை இந்தக் கதவு திறக்காது.

மறுபடி போன் பண்ணினாள். எடுக்கவில்லை. வண்டி ஓட்டுகிறான். "சீக்கிரம் வாங்க" என்று மட்டும் அனுப்பினாள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே, ஒரு கையால் லிஸ்ட்டைக் கேட்டாள்.

அப்படி ஒரு சாதனம் இல்லை.

ஹாலில் நாற்காலி நகர்ந்தது.

மறுபடி கேட்டாள். இல்லை.

காலடிச் சத்தம் இல்லை. ஆனால் அந்தப் பூட்டிய வீட்டு வாடை கதவிடுக்கு வழியாக உள்ளே வந்தது. கதவுக்கு மிக அருகில் யாரோ நின்று மூச்சு விடாமல் இருந்தார்கள்.

மறுபடி. இல்லை.

பள்ளிவாசலில் மஹ்ரிப் பாங்கு எழுந்தது. நடுவில் கரண்ட் போனது. ஃபேன் முனகி நின்றது, பாங்கும் அறுந்தது. யுபிஎஸ்ஸில் திரையும் ரவுட்டரும் மட்டும் எரிந்தன. நீல வெளிச்சத்தில் மறுபடி கேட்டாள்.

சிவப்பு வரி இல்லை.

சுத்தமான லிஸ்ட். "ஃபாரிஸ் போன்", அதற்கு நேரே எவ்வளவு இடம், எவ்வளவு மிச்சம். டீக்கடையைத் தாண்டிவிட்டான்! அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டுச் சொன்னாள். இணைப்பு கிடைத்ததும் வழக்கம்போல படங்கள் ஒவ்வொன்றாக இறங்க ஆரம்பித்தன. திரையில் தானாக விரிந்தன.

ஷாஹினா வீட்டு முற்றம். வாசலில் பஞ்சராகாத பைக்.

செம்பட்டி பேக்கரி. அரைமணி நேரத்துக்கு முன்னால் எடுத்தது. கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் மஞ்சள் கவுன், மூக்கெல்லாம் கிரீம், பல்லெல்லாம் சிரிப்பு.

சுமையா.

அரைமணி நேரத்துக்கு முன்னால்.

ரஃபியா அசையவில்லை. இடுப்பில் இருந்த கனம் அசையவில்லை. அவள் கை மட்டும் தானாக மேலேறியது. பிள்ளையின் முடியை விலக்கியது. காதைத் தேடியது. மடல் இருந்தது. விரல் மடலுக்குள் போய், துளை இருக்க வேண்டிய இடத்தில் தடவியது.

வழவழப்பு.

ஓட்டை இல்லை.

தெருவில் பைக் வந்து நின்றது. வாசல் தெரியும் சன்னலுக்கு வெளியே, மங்கலில், கேட்டுக்குப் பக்கத்தில் ஃபாரிஸ் ஹெல்மெட்டைக் கழற்றினான். பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்திருந்த சுமையா கீழே குதித்தாள். "அம்மா! அத்தை எனக்குப் பூனைக்குட்டி தாரேன்னு சொல்லிருக்காக!" என்று கத்திக்கொண்டே வாசலுக்கு ஓடிவந்தாள்.

போ. வராதே. திரும்பிப் போ.

கத்த வாயைத் திறந்தாள். சில்லிட்ட சின்னக் கை ஒன்று அவள் வாயைப் பொத்தியது. மெதுவாகத்தான். கழுத்தைச் சுற்றியிருந்த இன்னொரு கை இறுகியது. அது நாலு வயசுப் பிள்ளையின் பலம் இல்லை. தலையை ஆட்ட முடியவில்லை. சன்னலிலிருந்து முகத்தைத் திருப்ப முடியவில்லை. பார்க்கச் சொல்லிப் பிடித்துவைத்திருந்தது.

ஹாலில் வாசல் தாழ்ப்பாள் விலகியது.

"வாங்க வாங்க. மஹ்ரிப்புக்குள்ள வரச் சொன்னேன்ல? புள்ள வெளிய நிக்குது பாருங்க."

ரஃபியாவின் குரல். அவளுடைய அதே குரல், அதே செல்லக் கோபம்.

வாசலில் ஃபாரிஸ் வெட்கமாகச் சிரித்துக்கொண்டே, "சின்னாளபட்டில டிராஃபிக்கு ரஃபி, கோவிக்காதே" என்றான். செருப்பைக் கழற்றினான். இருட்டிலிருந்து இரண்டு கை வெளியே நீண்டன. இவள் போட்டிருக்கும் அதே பூப்போட்ட நைட்டியின் கை. விரல் இருந்தது, நகம் இல்லை. சுமையா "அம்மா" என்று துள்ளி அந்தக் கைகளுக்குள் பாய்ந்தாள். அவை அவளைத் தூக்கி, மார்போடு அணைத்து, உள்ளே கொண்டுபோயின. பின்னாலேயே ஃபாரிஸும் போனான். கதவு சாத்திக்கொண்டது.