ரிப்பேருக்கு அனுமதி இல்லை

ட்ரிங்... ட்ரிங்...!

வக்கீலம்மா போனை எடுத்ததும் எதிர்முனையில் ஒரு பெண் குரல் நடுங்கியது.

"மேடம்... சுவர் தட்டுது மேடம்! மேஸ்திரியை வரச் சொல்லிட்டேன். ஓனர் விட மாட்டேங்கிறார். உடனே வாங்க!"

பேசியது தையல்காரி. படுக்கையறைச் சுவரில் ஈரம், ஓனர் பூசித் தர மறுக்கிறார் என்று புகார் கொடுத்திருந்தவள்.

குடித்தனச் சண்டைகளில் வக்கீலம்மாவுக்குப் பதினெட்டு வருட அனுபவம். சுவரே புகார் சொன்னது இதுதான் முதல் தடவை!

அரை மணியில் அந்த வீட்டில் இருந்தாள்.

வெளியே கொளுத்தும் வெயில். படுக்கையறையில் மட்டும் குளிர். சுவரில் ஆள் உயரத்துக்கு ஈரம்... யாரோ சாய்ந்து நிற்பது போல!

கடப்பாரையோடு மேஸ்திரி. அவரை மறித்தபடி ஓனர்.

"சுவர்ல கை வைக்கக் கூடாது!"

"ஒப்பந்தப்படி ரிப்பேர் உங்க பொறுப்பு சார். ஒரு நாள் வேலை. ஏன் இவ்வளவு பிடிவாதம்?"

"இவங்க காலி பண்ணட்டும். வேற வீடு நானே பார்த்துத் தர்றேன். வண்டியும் பேசித் தர்றேன்!"

எச்சில் கையால் காக்கா ஓட்டாத மனுஷன்... பூச்சு வேலைக்குப் பயந்து இவ்வளவு இறங்கி வருகிறாரா?

"முன்னாடி இங்க யார் இருந்தாங்க?"

"நானும் என் சம்சாரமும். மூணு வருஷம் முன்னாடி எவன்கூடவோ போயிட்டா."

"போகலியே சார்..." தையல்காரி முணுமுணுத்தாள். "உள்ளருந்து தட்டிக்கிட்டே இருந்தாங்களே..."

ஓனரின் முகம் வெளிறியது.

"உடைங்க!" என்றாள் வக்கீலம்மா.

"வேண்டாம்...!"

கடப்பாரையால் மூன்றே அடி. சுவர் பொலபொலவென உதிர்ந்தது. உள்ளே ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இருட்டுப் பொந்து.

வக்கீலம்மா கண்ணை இறுக மூடித் திறந்தாள்.

காலி!

அவளுக்கு மூச்சு வந்தது. ஓனருக்கு நின்றது. பாய்ந்துபோய்ச் செங்கற்களை வாரி எறிந்தார்.

"எங்க... எங்க போனா? இங்கதானே நிக்க வெச்சுப் பூசினேன்!"

மேஸ்திரி கடப்பாரையைக் கீழே வைத்தார். இடுப்பிலிருந்து விலங்கை எடுத்தார்.

"நான் இன்ஸ்பெக்டர். சத்தம் தாங்காம போன வாரம் இந்தம்மா ஒரு செங்கலை உருவியிருக்காங்க. விரல் எலும்பு தெரிஞ்சதும் நேரா எங்ககிட்ட வந்துட்டாங்க. எல்லாத்தையும் எடுத்துட்டு மறுபடி பூசி வெச்சோம். உங்க வாயால நீங்களே சொல்றதுதான் பாக்கியா இருந்துச்சு."

வக்கீலம்மா தையல்காரியிடம் திரும்பினாள். "என்கிட்டக்கூட சொல்லலியேம்மா!"

"சொல்லியிருந்தா உங்க முகமே காட்டிக் கொடுத்திருக்கும் மேடம்."

"ஐயோ... என் வீடு..." ஓனர் விம்மினார்.

இன்ஸ்பெக்டர் விலங்கை க்ளிக்கென்று பூட்டினார்.

"எதுக்கு சார் கவலை? வாடகையே இல்லாத ரூம் தர்றோம்... காலி பண்ணுன்னு யாரும் கழுத்தைப் பிடிக்க மாட்டாங்க!"