அடித்துவிட்ட மூன்று வரிகள்

நேற்று வேண்டாமென்று கோடிட்டு அடித்துக்கொடுத்த மூன்று வரிகளும் இரண்டாவது அச்சுப் புரூஃபில் அப்படியே இருந்தன.

"சத்தியமா எடுத்துப்போட்டனுங்க, அம்மணி," என்றார் நரசிம்மலு. உக்கடத்து அச்சகத்தில் எழுத்துக் கோர்ப்பவர். மழையில் சைக்கிள் மிதித்து வந்து பீளமேட்டு வீட்டு வாசலில் சொட்டச் சொட்ட நின்றார். "எழுத்தப் பிரிச்சுப் பெட்டியிலகூடப் போட்டாச்சுங்க."

"அப்ப இது எப்படிங்க வந்துச்சு? புத்தகம் பதினாறு பக்கத்துல அடங்கோணுமல்லங்க?" என்றாள் நந்திதா.

"செத்தவிங்க பேசுனாலும் நீங்க உடமாட்டீங்க போல," என்று சிரித்தார். "மூணு மணிக்கு வேற கொண்டாரனுங்க."

நந்திதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு மணிக்கு அண்ணியின் சாவை விசாரிக்க வருவாய்க் கோட்டாட்சியர், ஆர்.டி.ஓ., வருகிறார்.

ஒரு சிறு கிறிஸ்தவ சபைக்காக நந்திதா பிழைதிருத்திக் கொடுக்கும் புத்தகம் அது. நானூற்றைம்பது வருடங்களுக்கு முன் ஆண்ட்வெர்ப் நகரத்தில் ஒரு பெண். குழந்தையில் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது என்று, வளர்ந்தபின் மனமறிந்து மறுபடி எடுத்துக்கொண்டாள். அது மரண தண்டனைக் குற்றம். கொளுத்தக் கொண்டுபோகும் வழியில் அவள் கூட்டத்தோடு பேசிவிடக் கூடாதென்று நாக்கை வெளியே இழுத்து, இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவில் வைத்துத் திருகாணியால் இறுக்கினார்கள். நழுவாமலிருக்க நுனியைச் சுட்டு வீங்கவைத்தார்கள். முந்தைய இரவு தங்கைக்கு எழுதிய கடிதத்தின் கடைசி மூன்று வரிகளைத்தான் நந்திதா அடித்திருந்தாள்.

என்னைக் கொளுத்துகிறவனை நான் மன்னித்தேன்.
தங்கையே, நீ நின்று பார்ப்பாய்.
பார்த்ததைச் சொல்.

இடம் போதவில்லை என்றுதான் அடித்தாள். அப்படித்தான் தனக்கே சொல்லிக்கொண்டாள். வேறு எங்கேயாவது மூன்று வரிகளைக் குறைத்திருக்கலாம் என்பது அவளுக்குத் தெரியும்.

அண்ணன் பாலகோபால் தலைசீவி, பவுடர் போட்டு, வெள்ளைச் சட்டையில் வந்தான். "என்ன சொல்லோணும், கண்ணு?"

"ஸ்டவ் வெடிச்சுதுன்னு."

"அவ்வளவுதான். கூட ஒரு வார்த்தை வேண்டாம்."

அவன் முன்னறைக்குப் போனதும் வீடு மழைக்குள் அமிழ்ந்தது. ஓட்டிலிருந்து ஒழுகும் நீரின் சத்தத்துக்கு அடியில், இரண்டு தடவை வெள்ளையடித்தும் மேற்கூரைக் கரி திரும்பத் திரும்பக் கசிந்து தெரிகிற சமையலறைக்குள், யாரோ மூக்கால் மட்டும் மூச்சுவிடுவதுபோல ஒரு மெல்லிய இரைப்பு கேட்டுக்கொண்டேயிருந்தது. மண்ணெண்ணெய் வாசனை வந்தது. அச்செழுத்தை மண்ணெண்ணெயில்தான் கழுவுவார்கள், புரூஃப் எப்போதும் இப்படித்தான் மணக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் தாள் அவள் மடியில் இருந்தது. வாசனை முதுகுப் பக்கமிருந்து வந்தது. அதில் கருகிய முடியும் கலந்திருந்தது.

மூன்று மணிக்கு நரசிம்மலு வந்தார். உள்ளே வரவில்லை. சிரிக்கவில்லை.

"இத நான் கோக்கலீங்க. மையே தடவலீங்க. தொட்டுப் பாருங்க," என்று தாளை நீட்டிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார்.

பக்கம் முழுக்க வெள்ளை. நடுவில் ஒரே வரி.

நந்து, பார்த்ததைச் சொல்.

தொட்டாள். விரலில் ஒட்டியது கரி. பிசுபிசுப்பான, கொழுப்புக் கரி.

நந்து என்று அவளைக் கூப்பிட்டது ஒருத்திதான். அண்ணி சைத்ரா. பத்தொன்பது நாளுக்கு முன் இதே சமையலறையில் அண்ணன் அவள் தலையில் மண்ணெண்ணெய் டின்னைக் கவிழ்த்தான். ஸ்டவ் அலமாரியில் இருந்தது, பற்றவைக்காமல். "நந்து!" என்று சைத்ரா ஒருமுறை கத்தினாள். அவன் துண்டைச் சுருட்டி அவள் வாய்க்குள், தொண்டைவரை, பெருவிரலால் குத்திக் குத்தித் திணித்தான். பிறகு தீக்குச்சி. புடவை தோலோடு உருகி ஒட்டியது. துண்டு கடைசியில்தான் எரிந்தது. நந்திதா கதவருகே நின்றாள். நின்று பார்த்தாள். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்து, பேசாமலே சைத்ரா செத்தாள்.

ஜீப் சத்தம்.

ஆர்.டி.ஓ. மெத்தை நாற்காலியில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். "நீங்க அன்னிக்கு வீட்டில் இருந்தீங்களா?"

"இருந்தனுங்க."

"என்ன நடந்தது?"

எதிரில் நிலைக்கண்ணாடி பதித்த பீரோ. அதில் நந்திதா தன் முகத்தைப் பார்த்தாள். பக்கத்தில் அண்ணனின் வெள்ளைச் சட்டை.

"ஸ்டவ் வெடிச்சுதுங்க."

அவர் எழுதினார். "வேற ஏதாவது சொல்லணுமா, அம்மா?"

அந்தக் கேள்வியில் இருந்த கனிவு அவளை உடைத்தது. சொல்லிவிடலாம். இப்போதே. அலமாரியில் ஸ்டவ், துண்டு, பெருவிரல். வாயைத் திறந்தாள்.

குளிர்ச்சி. இரும்பு ருசி.

நாக்கு அசையவில்லை. மேலிருந்து ஒன்று அழுத்தியது. கீழிருந்து ஒன்று. நுனி சுட்டது. வீங்கியது. பற்களைத் தாண்டியது.

"பாவமுங்க, அண்ணி மேல அத்தனை பிரியம். அதிர்ச்சியில பேச்சே வரமாட்டேங்குது," என்றான் பாலகோபால். தீயின் சுவடு அவன்மேல் எங்கும் இல்லை. கொளுத்தியவனை மன்னித்தாகிவிட்டது; நின்று பார்த்தவளை அல்ல.

ஆர்.டி.ஓ. தலையசைத்து, வேறொன்றும் சொல்லவில்லை என்று எழுதினார்.

கண்ணாடியில் நந்திதா பார்த்தாள். திறந்த வாய். இரண்டு தகடுகள். கருத்துத் தொங்கும் நாக்கு. தோளுக்குப் பின்னால் முடியில்லாத தலை, வாய் நிறையக் கரிந்த துண்டு. தோலுரிந்த ஒரு கை அவள் கன்னத்தை அணைத்தபடி முன்னால் நீண்டது. அவசரமில்லாமல், திருகாணியை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றியது.