கை தூக்கினால் கைது!

"ஐயோ...! குலேந்திரன் அண்ணை...!"

அந்த அலறலில் ஊர் மண்டபமே அதிர்ந்தது.

அலறியவள் இந்திரா. மேடைக்குப் பின்னாலிருந்த சின்ன அறையின் வாசலில் நின்று உள்ளே கை காட்டினாள்.

உள்ளே...

மேசைக்கும் நாற்காலிக்கும் நடுவே மல்லாந்து கிடந்தார் குலேந்திரன். வாய் திறந்திருந்தது. பக்கத்தில் கவிழ்ந்த தேநீர்க் கோப்பை!

2015. சுவிஸில், சோலோதுர்ன் நகரை ஒட்டிய கிராமம். சனிக்கிழமை காலை. பள்ளிக்கூட நேரத்தில் சமய பாடம் வேண்டுமா, வேண்டாமா என்று ஊரே கை தூக்கித் தீர்மானிக்கப் போகிற நாள்.

'வேண்டாம்' என்று பேச இருந்தவர் குலேந்திரன். பஸ் சாரதி. சமயம் சாராத மனிதநேயர் சங்கத்தின் உள்ளூர்த் தலைவர். மைக் கிடைத்தால் விடமாட்டார். இந்திராவும் அந்தச் சங்கத்தில்தான்.

இப்போது தரையில்!

பொலிஸ் வந்தது. வந்தவள் மதுஜா. சுவிஸில் பிறந்த தமிழ்ப் பெண். சீருடையில் மிடுக்காக இருந்தாள்.

"அண்ணையைச் சாக்காட்டிப் போட்டாங்கள் தங்கச்சி!" என்று விம்மினாள் இந்திரா.

மதுஜா குனிந்தாள். கழுத்தில் விரல் வைத்தாள். காதைக் கிட்டே கொண்டுபோனாள்.

"கொர்ர்ர்ர்ர்..."

மதுஜா நிமிர்ந்தாள்.

"அக்கா... பிணம் குறட்டை விடுது!"

அம்புலன்ஸ்காரர்கள் வந்து கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார்கள். நித்திரைக் குளிசைத் தூக்கம். உயிருக்கு ஆபத்தில்லை. ஸ்ட்ரெச்சரில் ஏற்றிப் புறப்பட்டார்கள். குறட்டை வாசல் வரை கேட்டது.

"ஆரோ தேத்தண்ணிக்குள்ள கலந்திருக்கினம்," என்றாள் மதுஜா. "ஆருக்கு இவரைப் பிடிக்காது?"

"ஆருக்குப் பிடிக்கும் எண்டு கேளுங்கோ!"

"தேத்தண்ணி குடுத்தது ஆர்?"

"ஃபிராவ் ஏபி. பள்ளிக்கூடத்தில சமயம் படிப்பிக்கிறவ. எதிர்க்கட்சிக்கு அவதான் தலைவி!"

ஃபிராவ் ஏபி, தமிழில் திருமதி ஏபி, மண்டபத்தின் முன்வரிசையில் இருந்தாள். நரைத்த தலை. மடியில் கோர்த்த கைகள்.

மதுஜா சுவிஸ் ஜேர்மனில் கேட்டாள். பதில் அமைதியாக வந்தது.

"நான் எல்லாருக்கும்தான் ஊற்றினேன். உங்களுக்கும் ஒரு கோப்பை...?"

"வேண்டாம்!" அவசரமாகப் பின்வாங்கினாள் மதுஜா.

அடுத்த ஆள் தானாகவே வந்து அகப்பட்டார். சிவநேசன். குலேந்திரனின் தங்கையின் கணவர். கோயில் நிர்வாகி. கிறிஸ்தவ வேதம் படிப்பித்தால் சைவமும் படிப்பிக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்பவர். கையில் மூடிய தட்டு.

"அங்கிள், நேற்று கோயில்ல வைச்சு 'உன்ர வாயை அடைக்கிறன் பார்' எண்டு குலேந்திரன் அங்கிளிட்டக் கத்தினீங்களாம்?"

"ஓம் பிள்ளை, கத்தினனான்."

"எதால அடைக்க இருந்தனீங்கள்?"

தட்டைத் திறந்தார்.

"வடையால!"

"என்ன...?"

"வாய்க்குள்ள வடை இருந்தா மட்டும்தான் மச்சான் கதைக்கமாட்டான். என்ர மனுசி விடியவே எழும்பிச் சுட்டவ. கொண்டுவாறதுக்குள்ள ஆரோ முந்திட்டாங்கள்!"

மதுஜா வடையைப் பிய்த்துப் பார்த்தாள். முகர்ந்தாள்.

கடித்தாள்!

"இது குற்றமில்லை அங்கிள். உப்பு மட்டும் கூட."

டிங்... டிங்...! மணி அடித்தது. கூட்டம் தொடங்கிவிட்டது.

இந்திராவின் முகம் வெளுத்தது.

"அண்ணைக்குப் பதிலா இப்ப ஆர் பேசுறது? எனக்கு ஜேர்மன் கதைக்க நாக்குத் தட்டும் தங்கச்சி!"

"இந்தச் சங்கத்தில ஏன் சேர்ந்தனீங்கள் அக்கா?"

"என்ர மகளுக்காக..."

"அதை மட்டும் சொல்லுங்கோ. அதுவே காணும்."

இந்திரா மேடையேறினாள். மைக்கைப் பிடித்துத் தெரிந்த ஜேர்மனில் தொடங்கினாள்.

"என்ர மகள் யதுஷாவுக்கு ஏழு வயசு. சமய பாடம் நடக்கேக்க அவள் வெளியில, குளிர் ஜாக்கெட்டுகளைக் கொழுவித் தொங்கவிடுற இடத்தில தனிய இருக்கிறாள். போன கிழமை கேட்டாள், 'அம்மா, நான் என்ன பிழை செய்தனான்?' எண்டு."

இந்திரா மைக்கை இன்னும் கிட்ட இழுத்தாள்.

"உங்கட சாமியை ஒருத்தரும் பறிக்க வரேல்லை. பள்ளிக்கூடம் விட்டாப் பிறகு நீங்கள் தேவாலயத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. நான் முருகனிட்டக் கூட்டிக்கொண்டு போறன். வகுப்புக்குள்ள மட்டும் எல்லாப் பிள்ளையளும் ஒண்டா இருக்கட்டும்."

அவ்வளவுதான். இறங்கிவிட்டாள்.

"சமய பாடத்தைப் பள்ளி நேரத்திலிருந்து நீக்கச் சம்மதிப்பவர்கள்... கை தூக்குங்கள்!" என்றார் கூட்டத் தலைவர்.

ஒரு கை. பத்துக் கை. காடு மாதிரிக் கைகள்!

வெற்றி!

இந்திரா அழுதாள், சிரித்தாள். சிவநேசன் தோற்ற கவலையில் வடை தின்றார்.

மதுஜா மட்டும் சிரிக்கவில்லை. அவள் கண் முன்வரிசையில் குத்திட்டு நின்றது.

அங்கேயும் ஒரு கை உயர்ந்திருந்தது...

ஃபிராவ் ஏபியின் கை!

கூட்டம் கலைந்ததும் மதுஜா அவள் முன்னால் போய் நின்றாள்.

"உங்கள் பாடத்தையே நீக்கச் சொல்லி நீங்கள் ஏன் கை தூக்கினீர்கள்?"

ஃபிராவ் ஏபி மடியில் கோர்த்த தன் கைகளைப் பார்த்தாள்.

"தேநீரில் கலந்தது நீங்கள்தானே?"

"ஆமாம். என் நித்திரைக் குளிசை."

"அவரைப் பேசவிடாமல் தடுத்து, உங்கள் பாடத்தைக் காப்பாற்றவா?"

"இல்லை!" ஃபிராவ் ஏபியின் கண்கள் கலங்கின. "இந்தத் தீர்மானம் வெல்ல வேண்டும் என்றுதான்!"

மதுஜா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஒவ்வொரு கிழமையும் அந்தச் சின்னப் பிள்ளையைக் கடந்துதான் வகுப்புக்குள் போவேன். உள்ளே போய் அன்பைப் பற்றிப் படிப்பிப்பேன்! வெளியே சொன்னால் என் வேலை போய்விடும். இவர்கள் வென்றால் போதும் என்று இருந்தேன். ஆனால்..."

"ஆனால்?"

"போன கூட்டத்தில் அந்த மனிதர் பேசினாரே! முட்டாள்கள் என்று எங்களைத் திட்டியே நேரம் போனது. அவருக்கு ஆதரவாக வந்த என் பக்கத்து வீட்டார், திரும்பும்போது ஜெபமாலை விலை கேட்டுக்கொண்டு போனார்கள்!"

மதுஜா உதட்டைக் கடித்துச் சிரிப்பை விழுங்கினாள்.

"அதற்காக மருந்து கலப்பதா? அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால்?"

"பெரிய பிழை. அவர் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும்."

சோலோதுர்ன் ஆஸ்பத்திரி. பின்னேரம்.

குலேந்திரன் கண் விழித்துக் கட்டிலில் சாய்ந்திருந்தார். நடந்ததையெல்லாம் இந்திரா சொல்லி முடித்தாள். ஃபிராவ் ஏபி தலை குனிந்து நின்றாள்.

"வெண்டது சந்தோசம் இந்திரா," என்றார் குலேந்திரன். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "உண்மையாவே நான் பேசியிருந்தாத் தோத்திருப்பமோ?"

இந்திரா யன்னலைப் பார்த்தாள். போத்தலில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தாள்.

"சரி, விளங்குது!" பெருமூச்சு விட்டார்.

"நீங்கள் புகார் குடுத்தாத்தான் கேஸ், அங்கிள்," என்றாள் மதுஜா. "குடுக்கிறீங்களோ?"

குலேந்திரன் ஃபிராவ் ஏபியைப் பார்த்தார். பிறகு மெதுவாக எழும்பி இருந்தார். முகத்தில் பழைய களை!

"புகார் வேண்டாம். ஆனா ஒரு தண்டனை இருக்கு. இண்டைக்கு நான் பேச இருந்த முழுப் பேச்சையும் அவ இங்கயே இருந்து கேக்க வேணும்!"

மதுஜா மொழிபெயர்த்தாள்.

ஃபிராவ் ஏபிக்கு வியர்த்தது. சட்டென்று இரண்டு கைகளையும் மதுஜாவிடம் நீட்டினாள்.

"விலங்கைப் போடுங்கள்... இப்போதே!"

மதுஜா குலேந்திரனிடம் திரும்பினாள்.

"பேசாமப் புகாரைக் குடுங்கோ அங்கிள்... சுவிஸில சித்திரவதைக்குச் சட்டத்தில இடமில்லை!"