கழுவி ஏற்றிய ரத்தம்

சகல ஊர்ப் பெருமக்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால், வடகவுஞ்சியின் மாபெரும் பூண்டு விவசாயி பழனிமுத்து அவர்களின் திருமேனியில் அன்னியர் ரத்தம் ஒரு சொட்டும் ஏறவில்லை. மதுரையில் இதய ஆபரேஷன் முடிந்து, நெஞ்சிலிருந்து வடிந்த அவருடைய ரத்தத்தையே குழாயில் பிடித்து, மெஷினில் கழுவி, அவருக்கே திருப்பி ஏற்றினார்கள்.

"கண்டவன் ரத்தம் எனக்கெதுக்கு? என் ரத்தம்தான்யா நானு!" என்று வீடு திரும்பியதும் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் முழங்கினார்.

"அப்ப உங்களையே தொவச்சுக் குடுத்துட்டாங்கன்னு சொல்லுங்கண்ணே" என்றான் பக்கத்துக் காட்டு வேலுச்சாமி.

"ஏலே, சோலியப் பாத்துட்டுப் போ."

அன்று பிற்பகல் மேகம் இறங்கி சன்னலை மூடியது. மனைவி இருளாயி பூண்டுக் காட்டுக்குப் போயிருந்தாள். கட்டிலில் கிடந்தவர் சும்மா நாடி பிடித்துப் பார்த்தார். நெஞ்சு அடித்தது. நாடி கொஞ்சம் தாமதித்தே அடித்தது, கூப்பிட்ட குரலுக்கு யோசித்து வருகிற வேலையாள் மாதிரி.

மூலையில் குவித்திருந்த பூண்டின் நெடிக்கு அடியில் ஆஸ்பத்திரி மருந்து வாடை அடிக்க, அது தன் மூச்சிலிருந்துதான் வருகிறது என்று அவர் கண்டுகொண்ட நேரத்தில், காதுக்குள் ஒரு சலசலப்பு கிளம்பி, கழுத்து வழியாக, இடுப்பைத் தாண்டி, பஸ் வந்ததும் கூட்டம் நகர்வது போல மொத்தமாகக் காலை நோக்கி இறங்கியது.

இதயத்தில் வைக்க ரத்தக்குழாய் எடுத்த கால் அது. தையல் ஈரமானது. வலி இல்லை.

சிவப்பு நூல் ஒன்று தரையைத் தொட்டது. வாசல் பக்கம் நகர்ந்தது. அந்தப் பக்கம் தரை மேடு. ஏறியே போனது. நிலைப்படியையும் தாண்டியது.

"இருளாயி!" உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

கை வெளுத்தது. விரல். நகம்.

வெளியே நாற்காலி கிரீச்சிட்டது.

"என்னங்க, அதுக்குள்ள எந்திரிச்சு வந்து பனியில உக்காந்து கெடக்கீங்க?" காட்டிலிருந்து திரும்பிய இருளாயியின் குரல். "மூஞ்சி என்னா இப்பிடிச் செவந்து கெடக்கு! பிளாஸ்க்குல காப்பி மிச்சமிருக்கு, வெரசா குடிங்க. ஆறிப்போகும்."

டம்ளரில் ஊற்றும் சத்தம்.

அவர் இருந்த மூச்சையெல்லாம் திரட்டி வாயைத் திறந்தார். அவருடைய குரல் கேட்டது. வெளியே.

காப்பியில் சீனி போதவில்லை என்றது.