பாறையில் வைத்த இலை

இரத்தினவேல் வான் வண்டியை நிறுத்திய இடத்தில் வேறு வாகனம் எதுவும் இல்லை. ரொறன்ரோவிலிருந்து ஹைவே 400 இல் வடக்கே நெடுந்தூரம் ஓடி, பிறகு மண்சாலையில் குலுங்கி வந்திருந்தோம். தொண்ணூற்றைந்து ஒக்ரோபர். வேணி அக்கா முன் இருக்கையிலிருந்து இறங்கி, காலில் போட்ட புதுச் சப்பாத்தைப் பார்த்துத் தனக்குள் சிரித்தாள். காட்டுக்குள் நடந்துபோய் அருவி பார்க்கப்போகிறோம் என்று ஒரு கிழமையாக அவளுக்கு அதே கதை.

கலியாணத்துக்கு முன்னம் பெண்பிள்ளையை மாப்பிள்ளையோடு தனியே அனுப்பக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். முப்பது தாண்டிய அக்காவுக்குத் தங்கை காவல். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். பட்டத்தோடு கிடைத்த முதல் உத்தியோகம் இதுதான்.

அனுப்பாவிட்டாலும் வந்திருப்பேன். இரத்தினவேல் என்கிற அந்த மாப்பிள்ளையை நான் நம்பவில்லை. அவருடைய முதல் மனைவி மலர் ஆரோடோ பிரான்சுக்கு ஓடிப்போனாள் என்று நாங்கள் இருந்த சென் ஜேம்ஸ் ரவுண் முழுக்கச் சொன்னார்கள். யாரோடு? ஒருவருக்கும் தெரியாது. போனவளிடமிருந்து ஒரு ரெலிபோன் வந்ததா? இல்லை. ஒருத்தி ஓடிப்போனாள் என்று சொன்னால் போதும், அதற்குமேல் எங்கள் சனம் கேட்காது. நான் கேட்டேன். படிச்ச திமிர் என்றார்கள். பக்ரறியில் இரவு வேலை செய்து என்னைப் படிப்பித்த அக்காவை அடுத்த மாதம் அந்த வீட்டுக்கு அனுப்பப்போகிறார்கள்.

அவரை அத்தான் என்று கூப்பிடச் சொல்லி அம்மா கெஞ்சிப் பார்த்தார். நான் கூப்பிடவில்லை.

அம்மா புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் கட்டித் தந்திருந்தார். கறிச் சட்டிக்குள் ஒரு கரித்துண்டு. இறைச்சியைக் காட்டு வழியே கொண்டுபோனால் செத்தவர்கள் மணம்பிடித்துப் பின்னால் வருவார்களாம், கரி இருந்தால் கிட்ட நெருங்கமாட்டார்களாம். கனடாவுக்கு வந்தும் பாபிக்கியூக் கரியில் பேய் ஓட்டுகிற அம்மாவைப் பார்த்து நான் சிரித்தேன்.

இரத்தினவேல் சிரிக்கவில்லை. கரி வைச்சனீங்களோ என்று வாசலில் வைத்து அம்மாவிடம் இரண்டு தரம் கேட்டார்.

காடு தொடங்கிய இடத்திலேயே வெளிச்சம் மாறியது. பைன் மரங்களும் ஸ்புறூஸ் மரங்களும் தோளோடு தோள் உரசி நின்றன. நடுமத்தியானம், ஆனால் உள்ளே பொழுதுபட்ட மம்மல்போல இருந்தது. ஊசியிலைகள் மெத்தையாக விழுந்து கிடந்ததால் எங்கள் காலடி எங்களுக்கே கேட்கவில்லை. ஒரு குருவிகூடக் கத்தவில்லை.

தான் இங்கே வந்ததே இல்லை, வேலையிடத்தில் ஒருவன் சொன்ன இடம் என்று வண்டியில் வரும்போது அவர் சொல்லியிருந்தார். ஆனால் பாதை பிரிந்த இடத்தில் வழிகாட்டும் பலகையை நிமிர்ந்தும் பாராமல் இடப்பக்கம் திரும்பினார். வளைவுக்கு முன்னமே, தலையைக் குனியுங்கோ, மரக்கொப்பு ஒண்டு நிக்குது என்றார்.

வளைவில் திரும்பினோம்.

கொப்பு நின்றது.

"முந்தி வந்தனீங்களோ?" என்றேன்.

"இல்லை."

"அப்ப கொப்பு என்னண்டு தெரியும்?"

அக்கா என் கையைக் கிள்ளினாள். "உவள் விட்டால் உங்களைக் கோட்டிலை ஏத்திப்போடுவாள். கணக்கெடுக்காதேங்கோ," என்று அவரைப் பார்த்துச் சிரித்தாள். அவர் திரும்பிப் பார்த்தார். எங்களை அல்ல. எங்களுக்கும் பின்னால்.

அப்போதுதான் அந்த மணம் வந்தது. பைன் பிசின் மணத்துக்கு நடுவில், அரப்புத் தேய்த்து முழுகிய தலைமயிரின் மணம். யாரோ ஒருத்தி ஈரக் கூந்தலை உலர்த்திக்கொண்டு பின்னால் நடந்து வருவதுபோல.

நான் நின்றேன். மணமும் நின்றது.

அருவி பெரியதல்ல, ஆனால் கீழே தண்ணீர் கறுப்பாகக் கிடந்தது. அக்கா கமராவோடு கரை வழியே போனாள். நான் மேலே ஒரு பாறையில் ஏறி உட்கார்ந்தேன். அவரைக் கண்காணிக்கத்தான்.

யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, இரத்தினவேல் சட்டியைத் திறந்தார். கரித்துண்டை விரலால் எடுத்துத் தண்ணீருக்குள் எறிந்தார். ஜக்கெற்றுக்குள்ளிருந்து மடித்த வாழையிலை ஒன்றை எடுத்துத் தட்டைப் பாறையில் விரித்தார். புட்டு வைத்தார். இறைச்சியைக் குவித்தார். பக்கத்தில், கடைப் பை பிரிக்காத புதுச் சீலை ஒன்று. பிறகு அருவியைப் பார்த்துக் கைகூப்பினார்.

அருவிச் சத்தம் நின்றது.

தண்ணீர் விழுந்துகொண்டுதான் இருந்தது. சத்தம் மட்டும் இல்லை. அந்த அமைதியில் அவர் முணுமுணுத்தது என் காதுக்குள் சொன்னதுபோலக் கேட்டது.

"மலர், சாப்பிட்டிட்டு இஞ்சையே நில்லு. என்ரை பின்னாலை வராதை."

பிரான்சில் குடும்பம் நடத்துகிறவளுக்கு எவனும் காட்டில் இலை போட்டுச் சீலை வைத்துக் கும்பிடுவதில்லை. அது படையல். செத்தவர்களுக்கு மட்டுமே வைப்பது. அவள் எங்கேயும் ஓடவில்லை. அவள் இருக்கிற இடம் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

சத்தம் திரும்ப வந்தது. படையலுக்குத் தண்ணீர் எடுக்க அவர் ரம்ளரோடு கீழே இறங்கினார்.

அக்கா மறுபக்கத்தால் ஏறி வந்தாள்.

இலையைப் பார்த்தாள். சீலையைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்ததை நான் மேலிருந்து கண்டேன். இவ்வளவு வயதுக்கும் எல்லாருக்கும் சோறு போட்டுக் கொடுத்துவிட்டு அடிச்சட்டியில் சாப்பிட்டவள் அவள். கத்தினேன். அருவி என் குரலை விழுங்கியது. தவழ்ந்தும் சறுக்கியும் இறங்கினேன்.

நான் வந்து சேரும்போது அவள் வாய் நிறைய இருந்தது.

"பாரடி சுபா, எனக்குச் சொல்லாமல் சீலையும் வாங்கி, இலையிலை போட்டு வைச்சிருக்கிறார். நீ என்னவெல்லாம் சொன்னனீ."

இரத்தினவேல் ஏறி வந்து நின்றார். ரம்ளர் கையிலிருந்து விழுந்து பாறையில் உருண்டது.

"துப்பு," என்றார். "வேணி, துப்படி அதை."

அக்கா விழுங்கினாள்.

பிறகு நிறுத்தவில்லை. இறைச்சியில் ஒரு துண்டுக்குமேல் தொடாதவள், எலும்பைக் கடித்து உறிஞ்சினாள். கண் வெட்டாமல் அவரையே பார்த்துக்கொண்டு உறிஞ்சினாள். இலையை வழித்து நக்கிவிட்டு எழும்பி, வந்த பாதையில் எங்களுக்கு முன்னால் நடந்தாள். பாதை பிரிந்த இடத்தில் அவளும் பலகையைப் பார்க்கவில்லை.

திரும்பும்போது பின் இருக்கையில் என் தோளில் சாய்ந்து உறங்கினாள். என் சுவெற்றர் நனைந்தது. தண்ணீரில் இறங்காதவளின் கூந்தல் பிழியப் பிழிய ஈரம்.

அரப்பு மணம்.

அடுத்த நாள் பொலிசுக்குப் போனேன். மலர் என்று ஒருத்தியைக் காணவில்லையென ஒருவரும் முறைப்பாடு செய்யவில்லையாம். ஓடிப்போனவளை யார் தேடுவார்கள்? நான் சொன்னதை எழுதிக்கொண்டார்கள். விசாரிக்கிறோம் என்றார்கள். கலியாணத்தை இரத்தினவேலே நிறுத்தினார். அம்மா அழுதார். அக்கா அழவில்லை. வேலைக்குப் போனாள், வந்தாள், சமைத்தாள். நான் காப்பாற்றிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

ஒரு ஞாயிறு பகல் ரெலிபோன் அடித்தது. எடுத்தேன். பிறம்ரன் வீட்டிலிருந்து இரத்தினவேல்.

"உங்கடை அக்காவைக் கூட்டிக்கொண்டு போங்கோ. விடிஞ்சதிலையிருந்து நான் இருக்கிற பேஸ்மன்ற் கதவடியிலை நிக்கிறா. ஒண்டும் கதைக்கிறா இல்லை. தட்டிக்கொண்டே நிக்கிறா."

நான் திரும்பிப் பார்த்தேன். எங்கள் குசினியில், எனக்கு முதுகைக் காட்டியபடி, அக்கா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா இஞ்சைதான் நிக்கிறா," என்றேன்.

மறுமுனையில் அவர் மூச்சுக்குப் பின்னால், மரக்கதவில் தட்டும் சத்தம். மெதுவாக. விடாமல்.

அக்கா திரும்பவில்லை. வெங்காயம் வெட்டிய கத்தியும் நிற்கவில்லை.

"திறக்கச் சொல்லு," என்றாள். "எனக்குக் குளிருது."