ஜிஜி விட்டுவைத்த ஒரு தப்பு

கலைச்செல்வியின் பென்சிலைக் கண்டால் ஐந்தாம் வகுப்பே நடுங்கும். ஆங்கிலத்தில் யார் என்ன எழுதினாலும், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தப்புத் தேடுவாள். மலையாள ஊரான கரமனையில் அவள் அப்பா வேலை பார்க்கும் டீக்கடையின் பலகையைக்கூட அவள் விட்டுவைக்கவில்லை. தோசைக்கு 'இஸ்' வருமா, 'ஆர்' வருமா என்று ஒருநாள் பெரிய பிரசங்கமே நடத்தினாள். தோசை சூடாக இருக்கிறதா என்றுதான் வருகிறவர்கள் கேட்பார்கள் என்று அப்பா சொல்லிப் பார்த்தார். அவள் காதில் ஏறவில்லை.

வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில் சபீனா டீச்சர், வீட்டில் உள்ள ஒருவரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதச் சொன்னார். எழுதி முடித்ததும் பக்கத்தில் இருப்பவரோடு நோட்டை மாற்றிக்கொள்ள வேண்டும். அவர் பென்சிலால் திருத்த வேண்டும். திங்கட்கிழமை எல்லாரும் எழுந்து நின்று வாசிக்க வேண்டும்.

கலைச்செல்விக்குப் பக்கத்தில் ஜிஜி. இரண்டு பேரும் ஒரே லைன் வீட்டில் அடுத்தடுத்த கதவு. ஜிஜியின் நோட்டைத் திறந்ததும் கலைச்செல்வியின் பென்சில் அப்படியே நின்றுவிட்டது.

'மை மதர் இஸ் தாசம்மாள். தே இஸ் டால். தே மேக்ஸ் ஃபிஷ் கறி. தே கம்ஸ் டு த ஸ்கூல் கேட்.'

என் அம்மா தாசம்மாள். அவர் உயரமானவர். மீன் குழம்பு வைப்பார். பள்ளிக்கூட வாசலுக்கு வருவார்.

ஜிஜியின் அம்மா இப்போது எந்த வாசலுக்கும் வருவதில்லை. கிறிஸ்துமஸ் விடுமுறையில் காய்ச்சலில் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் சொந்த ஊரில் அடக்கம் செய்துவிட்டு, ஜிஜியும் அவள் அப்பாவும் மட்டும் திரும்பி வந்தார்கள்.

கலைச்செல்வி நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். வீட்டில் போய்த் திருத்துகிறேன் என்று டீச்சரிடம் சொன்னாள்.

அன்று ராத்திரி நோட்டை எடுத்து மறுபடி வாசித்தாள். தாசம்மாள் அத்தை அவளுக்கும் சேர்த்துத்தான் தலை பின்னிவிடுவார். அந்த 'இஸ்' எல்லாவற்றையும் அடித்து 'வாஸ்' என்று எழுத வேண்டும். அதை எழுதினால் அத்தை இன்னொரு முறை செத்துப்போவது போல இருந்தது. எழுதாமல் விட்டாலோ, திங்கட்கிழமை ஜிஜி வாசிக்கும்போது முன் பெஞ்சில் இருக்கும் கௌசிக் துள்ளி எழுந்து தப்பு என்று சொல்லுவான். வகுப்பே ஜிஜியைத் திரும்பிப் பார்க்கும்.

அந்த 'தே' வேறு இருக்கிறது. போன வருஷமும் ஜிஜி இப்படித்தான் அம்மாவை 'தே' என்று எழுதினாள். 'தே' என்றால் பல பேர். உனக்கு எத்தனை அம்மா என்று கேட்டு வகுப்பே சிரித்தது. வீட்டில் அம்மாவை மரியாதையாக 'அவங்க' என்று சொல்லும் பழக்கத்தில் வந்த தப்பு அது; மலையாளம் பேசும் பிள்ளைகளுக்கு அது எங்கிருந்து வருகிறது என்றே புரியவில்லை. ஜிஜி அழுதுகொண்டு போய் அம்மாவிடம் சொன்னபோது, ஒரு அம்மையையே உன்னால சமாளிக்க முடியல்ல, இதில பல அம்மையா என்று அத்தையும் சிரித்தார்.

சனிக்கிழமை காலை கலைச்செல்வி நோட்டோடு அடுத்த கதவைத் தட்டினாள். ஜிஜி தரையில் உட்கார்ந்து நெத்தோலி மீனுக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். அவள் அப்பா ஹோட்டல் வேலைக்குப் போயிருந்தார்.

முதலில் சுலபமானதைச் சொல்லலாம் என்று, 'தே' வராது, 'ஷி' என்று எழுத வேண்டும் என்றாள் கலைச்செல்வி.

"எங்க அம்மைய 'அவ'ன்னு எழுதச் சொல்லுதியா?" என்றாள் ஜிஜி.

"இங்கிலீஷ்ல மரியாதைக்குன்னு தனியா வார்த்தை கிடையாதுட்டி. ராணியா இருந்தாலும் 'ஷி'தான்."

"அப்போ பாவம் அந்த ராணி" என்றாள் ஜிஜி.

இரண்டு பேருக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிப்பு முடிந்ததும் ஜிஜியின் கண் நிறைந்துவிட்டது. கை முழுக்க மீன் வாடை. துடைக்க முடியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கலைச்செல்வி தன் பாவாடை நுனியால் துடைத்துவிட்டாள்.

"நீ 'இஸ்' பத்திச் சொல்லத்தானே வந்த?" என்றாள் ஜிஜி. "எனக்கு 'வாஸ்' தெரியாதா? எழுதக் கை போகல்ல. அதை எழுதிட்டா அம்மையப் பத்தின எல்லாமே முடிஞ்சு போகுமே."

இலக்கணப் புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. கலைச்செல்வி நோட்டின் வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லா வரியும் அம்மாவைப் பற்றித்தான். ஜிஜியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

"ஏட்டி, நீ யாரு மக?" என்று கேட்டாள்.

"இது என்ன கேள்வி? தாசம்மாள் மக."

"மகளா இருந்தியா, இருக்கியா?"

ஜிஜி நிமிர்ந்து பார்த்தாள். "இருக்கேன்" என்றாள்.

"அப்போ அதுக்கு 'வாஸ்' வராது. என்னைக்கும் வராது. யாரு வந்தாலும் திருத்த முடியாது" என்றாள் கலைச்செல்வி.

ஜிஜி எழுந்து போய் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்தாள். முதலில் கடைசி வரிக்குக் கீழே, 'ஐ ஆம் ஹெர் டாட்டர்' என்று அழுத்தி எழுதினாள். நான் அவருடைய மகள். அதன் பிறகுதான் அழிரப்பரைக் கேட்டு வாங்கினாள். 'இஸ்' எல்லாவற்றையும் அவளே ஒவ்வொன்றாக அழித்தாள். 'தே' 'ஷி' ஆனது. 'மேக்ஸ்' 'மேட்' ஆனது. 'கம்ஸ்' 'கேம்' ஆனது. கலைச்செல்வி பக்கத்தில் உட்கார்ந்து மிச்சமிருந்த நெத்தோலிக்குத் தலை கிள்ளினாள்.

ஜிஜி எழுதி முடித்ததும் கலைச்செல்வி வழக்கம்போல் ஒரு தடவை சரிபார்த்தாள். "பள்ளிக்கூட வாசல் வரியில ஒரு 'தே' விட்டுட்ட."

"தெரியும்" என்றாள் ஜிஜி. "அது ஒண்ணு மரியாதைக்கு இருக்கட்டும்."

கலைச்செல்விக்குக் கை துறுதுறுத்தது. இதுவரை அவள் திருத்திய நோட்டில் ஒரு தப்பும் தப்பியதில்லை. பென்சிலை எடுத்துப் பெட்டிக்குள் போட்டு மூடினாள்.

திங்கட்கிழமை ஜிஜி எழுந்து வாசித்தாள். 'வாஸ்' வந்த இடத்தில் குரல் கொஞ்சம் உடைந்தது. 'தே' வந்தபோது கௌசிக் பாதி எழுந்தான். அதற்குள் ஜிஜி கடைசி வரியைச் சத்தமாக வாசித்துவிட்டாள். ஐ ஆம் ஹெர் டாட்டர். கௌசிக் மெதுவாக உட்கார்ந்துகொண்டான். எத்தனை அம்மா என்று யாரும் கேட்கவில்லை.

சபீனா டீச்சர் நோட்டை வாங்கிச் சிவப்புப் பேனாவோடு வரி வரியாகப் பார்த்தார். ஒரு இடத்தில் நின்றார்.

"இது யார் திருத்தியது?"

"நான்தான் டீச்சர்" என்று எழுந்தாள் கலைச்செல்வி.

"ஒரு தப்பு விட்டுப்போயிருக்கே, மோளே."

"தெரியும் டீச்சர்" என்றாள் கலைச்செல்வி.

டீச்சர் அவளைப் பார்த்தார். பிறகு ஜிஜியைப் பார்த்தார். அந்த 'தே'யை அடிக்காமல், பேனாவை மூடிவிட்டு நோட்டை ஜிஜியிடம் கொடுத்தார்.